முத்திரை உடையாத கடிகாரம்

'பொருள் பெறப்பட்ட நாளிலிருந்து பதினைந்து வேலை நாட்களுக்குள் பழுதின் விவரமும் உத்தேசச் செலவும் உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்படும்.' பெங்களூரில் இருக்கும் ஒரு கைக்கடிகாரச் சேவை மையத்தின் ஏற்பு ரசீதில் நான்காவது நிபந்தனை இது. ரசீதின் பின்பக்கத்தில், வெளிறிய சாம்பல் நிறத்தில், யாரும் படித்துவிடக் கூடாது என்ற அக்கறையோடு அச்சடித்திருந்தார்கள். நான் படித்தேன். அப்படிப்பட்டவற்றைப் படிப்பதற்குத்தான் அரசாங்கம் எனக்கு முப்பத்தாறு வருடம் சம்பளம் கொடுத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நீதிமன்றச் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீதிபதி தீர்ப்பு எழுதுவார். மற்ற எல்லாவற்றையும் சிரஸ்தார் பார்த்துக்கொள்வார். வழக்குகளில் வரும் சான்றுப் பொருட்கள் என் பொறுப்பில் இருந்தன. அரிவாள், சைக்கிள் செயின், கறை படிந்த வேட்டி, ஒருமுறை ஓர் ஆட்டுக்கல். ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்த அத்தனைக்கும் இதுதான் காரணம் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

கடிகாரம் என்னுடையது அல்ல. என் மகளின் மாமனாருடையது. நான் இருப்பது ராஜபாளையத்தில். சம்பந்தி இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், தேர் நிற்கும் வீதிக்கு அடுத்த தெருவில். அவர் வேலை பார்த்தது என் ஊரில், நான் வேலை பார்த்தது அவர் ஊரில். இருபது வருடம் எதிரெதிர் பஸ்ஸில் ஒருவரையொருவர் கடந்துபோயிருக்கிறோம் என்பது கல்யாணப் பேச்சின்போதுதான் தெரியவந்தது.

நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற அன்று முதலாளி தன் கையிலிருந்த ஸ்விஸ் கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டார். பேட்டரி கிடையாது. கை அசையும்போது தானாகவே சாவி ஏறிக்கொள்ளும். நொடிமுள் துள்ளாது, வழுக்கிக்கொண்டு போகும். யார் மணி கேட்டாலும் சம்பந்தி மணி சொல்வதற்கு முன் அந்த முள்ளைத்தான் காட்டுவார். "பாத்தியளா, நூல் அறுபடாம ஓடுத மாதிரி ஓடுது" என்பார்.

அதைப் பராமரிக்க அவர் வைத்திருந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, முதலில் பக்கவாட்டுத் திருகு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய டூத் பிரஷும் கொண்டு உலோகப் பட்டையின் கண்ணிகளுக்கு இடையே தேய்ப்பார். பூப்போட்ட கைக்குட்டை ஒன்று, அதைத் துடைப்பதற்கு மட்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் தேதியைத் திருப்ப மாட்டார். உள்ளே பல்சக்கரம் மாட்டிக்கொண்டிருக்கும் நேரமாம், ஒடிந்துவிடுமாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் பிரித்துக் கழுவி எண்ணெய் வைக்க வேண்டும். முதலாளி இருந்தவரை ஆலை அலுவலகத்தின் மூலம் அது நடந்தது. அவர் காலமான பிறகு நடக்கவில்லை.

கடிகாரத்துக்கு எண்ணெய் வற்றிய அதே காலத்தில் சம்பந்திக்கு மறதியும் வந்தது. எந்த மெஷினில் எந்த நம்பர் நூல் ஓடியது என்று இன்றும் சொல்வார். காலையில் இட்லி சாப்பிட்டாரா என்று சொல்ல மாட்டார். அவர் மனைவி இல்லை. அவர் மகனும் என் மகளும் கனடாவில் இருக்கிறார்கள். அவரைக் கவனித்துக்கொள்ள மம்சாபுரத்திலிருந்து ஓர் அம்மாள் காலை ஏழு மணி பஸ்ஸில் வருவார், பொழுது சாய்வதற்குள் திரும்புவார். ஐம்பது வயதிருக்கும். சமையல், துணி, மாத்திரை எல்லாம் அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச்சில் ஆராதனை முடித்துவிட்டுத் தாமதமாக வருவார். இரவுக்கு மாடியில் குடியிருக்கும் வாத்தியார் குடும்பம் ஒரு காது வைத்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு முழுவதும் அந்த அம்மாளின் மேல் நின்றது. அது எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, எனக்கும்தான்.

சித்திரையில் ஒருநாள் அந்த அம்மாள் எனக்குப் போன் செய்தார்.

"சார், அய்யா வாட்ச்சு தெனமும் அரைமணி நேரம் பிந்துது. எட்டு மணி மாத்திரைய நான் நீட்டுனா, இன்னும் எட்டு ஆகலைன்னு கையத் தட்டி விடுதாவ. செவுத்துக் கடியாரத்தக் காட்டுனா, அது பொய்யிங்காவ."

ரத்த அழுத்த மாத்திரை அது. நான் உடனே கிளம்பினேன். சம்பந்தி கடிகாரத்தைக் கழற்றித் தர ஒரு மணி நேரம் யோசித்தார். கடைசியில் தந்ததற்கு ஒரே காரணம், எனக்கு எல்லா நடைமுறையும் தெரியும் என்று அவர் நம்பியதுதான்.

ராஜபாளையத்தில் பழைய பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடிகாரக் கடை இருக்கிறது. எப்போதும் கூட்டம். கடைக்காரர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஆயில் காஞ்சு பசையாயிருச்சு சார். வேற ஒண்ணுமில்ல. நாலு நாள் குடுங்க, பிரிச்சுக் கழுவித் தாரேன்."

"கழுவுன பொறவு தண்ணீர் புகாதான்னு சோதிக்க மெஷின் இருக்கா?"

"மதுரைல இருக்கு. போட்டுப் பாத்துட்டு வந்துருவேன்."

"கம்பெனி அங்கீகாரம் இருக்கா?"

அவர் லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சார், இந்தக் கடைல முப்பது வருசமா உக்காந்திருக்கேன். யாரும் என்னைய எந்திரிக்கச் சொல்லல."

அங்கீகாரம் ஆகாது அது. மூடித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். என் மனைவி அன்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சேர்த்துவைத்துப் பிறகு சொன்னாள்.

மறுநாள் சம்பந்தி வீட்டு முன்னறையில் வைத்துக் கடிகாரத்தைப் பொதிந்தேன். இதில் எனக்குக் கை பழகியிருக்கிறது. பஞ்சு வைத்த டப்பா, அதன் மேல் வெள்ளைத் துணி, நான்கு பக்கமும் தையல், தையலின் மேல் அரக்கு, அரக்கின் மேல் என் சொந்தப் பித்தளை முத்திரை. மேலே ஒரு சீட்டு. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன்: சான்றுப் பொருள் எண் ஒன்று, கைக்கடிகாரம் ஒன்று, வரிசை எண் இன்னது, கொக்கிக்கு அருகில் மூன்றாவது கண்ணியில் சிறு நசுங்கல், உரிமையாளர் முன்னிலையில் முத்திரையிடப்பட்டது, உரிய உத்தரவின்றிப் பிரிக்கக் கூடாது. பார்சல்காரர்கள் வழியில் கை வைக்கக் கூடாதே என்பதற்காக அந்தக் கடைசி வரி. கீழே இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. ஒருவர் மாடி வாத்தியார். இன்னொருவர் அந்த அம்மாள்.

"எதுக்கு சார் என் கையெழுத்து? களவுக் கேசு மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தார் அவர்.

"சாட்சிம்மா. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா இது பேசும்."

"நான் இருக்கும்போது அது என்னத்துக்குப் பேசணும்" என்றபடியே தன் பெயரை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். சம்பந்தி அரக்கு உருகுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. பொட்டலத்தை நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பெங்களூர்ச் சேவை மையத்துக்குப் பார்சலில் அனுப்பினேன்.

ஏற்பு ரசீது வந்த அன்றே அந்த அம்மாளின் அடுத்த போனும் வந்தது.

"சார், அய்யா வாட்ச்சக் காணும்னு பீரோவ எல்லாம் பொரட்டிப் போட்டுட்டாவ. நீங்க வாங்கிட்டுப் போனதச் சொன்னா, யாரு அப்படிங்காவ."

போனேன். சம்பந்தியின் மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. அந்த இடத்தை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதினேன்: 'உங்கள் கைக்கடிகாரம் சர்வீசுக்குப் போயிருக்கிறது. நான்தான் அனுப்பினேன். பத்திரமாக இருக்கிறது.' கையெழுத்தும் தேதியும் போட்டு பீரோக் கதவில் ஒட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"இது ஒம்ம கையெழுத்தா சம்பந்தி?"

"ஆமா."

"பொறவு என்ன. சரியாப் போச்சு."

அரைமணி நேரம் சரியாக இருந்தது. அதன் பிறகு மறுபடியும் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். அந்த அம்மாள் அவரைக் கைப்பிடித்து பீரோவுக்குக் கூட்டிவந்தார். படித்தார். சரி என்றார். ஒரு நாளைக்கு இருபது முறை அந்தத் தாளைப் படிப்பதாக அந்த அம்மாள் சொன்னார். மூன்றாவது வாரத்தில் சம்பந்தி அந்த அம்மாளிடம் வேறு ஒன்று கேட்கத் தொடங்கினார்: "இதை யாரு எழுதி ஒட்டுனது? நீதான?"

அதற்குள் பதினைந்து வேலை நாட்கள் முடிந்திருந்தன. சனிக்கிழமை வேலை நாளா இல்லையா என்பதில் அவர்களுக்குச் சாதகமாகவே கணக்கு வைத்துத்தான் சொல்கிறேன். மின்னஞ்சல் அனுப்பினேன். 'உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது' என்று ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. அவ்வளவு வேகமாக வரும் பதிலை எந்த மனிதரும் எழுதியிருக்க முடியாது. போன் செய்தேன். ஒரு பெண் மரியாதையாகப் பேசினார்.

"சார், சிஸ்டத்துல ஹோல்டுன்னு காட்டுது."

"ஏன் நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

"அது வேற டிபார்ட்மென்ட் சார்."

"எந்த டிபார்ட்மென்ட்?"

"அது எங்களுக்குக் காட்டாது சார்."

நீதிமன்றத்தில் நானும் இதே பதிலை இதே குரலில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். மம்சாபுரத்திலிருந்தும் வன்னியம்பட்டியிலிருந்தும் காலையிலேயே வந்து நின்றவர்களுக்கு. அவர்கள் அதற்குப் பிறகு எங்கே போய் உட்கார்ந்தார்கள் என்று அந்த நாட்களில் நான் யோசித்ததே இல்லை.

வைகாசி முடிவதற்குள் அந்த அம்மாளின் குரல் மாறியிருந்தது. போனில் அவர் பேசும்போது பின்னாலிருந்து சம்பந்தி கத்துவது கேட்கும். "ஏட்டி, எடுத்தத எடுத்த எடத்துல வச்சிரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அந்த அம்மாள் அதை எனக்கு மறுபடியும் சொல்ல மாட்டார். "மாத்திரை குடுத்துட்டேன் சார்" என்று மட்டும் சொல்வார். ஒருநாள், "சார், பைபிள்ல கை வச்சுச் சொல்லச் சொல்லுதாவ. வச்சேன். செத்த நேரத்துல திரும்பவும் வைக்கச் சொல்லுதாவ" என்றார்.

நான் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்தவன். ஒரே சாட்சியிடம் ஒரே விஷயத்துக்கு ஒரே நாளில் ஆறு முறை சத்தியம் வாங்கியதில்லை. இந்த அம்மாள் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அன்றுதான் எனக்கு வந்தது. கனடாவுக்குச் சொன்னால் மகள் வேலையை விட்டுவிட்டு வருவாள். வேறு ஆள் தேடினால், முகம் பழகாத ஒருவர் கையிலிருந்து சம்பந்தி மாத்திரை வாங்க மாட்டார். எனக்குத் தூக்கம் கெட்டது. எனவே, முப்பத்தாறு வருடத்தில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன்.

கடிகாரக் கடைக்காரரிடம் மறுபடியும் போனேன். அவர் என்னைப் பார்த்ததும், "என்ன சார், அங்கீகாரம் வந்துருச்சா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் கேலியை நிறுத்திவிட்டு, உள்ளேயிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். அதே நிறம், அதே முகப்பு, அதே பெயர்கூட. போலி. எடை மட்டும் குறைவு.

"வயசானவுகதான? கையில கெடந்தாப் போதும். தெரியாது சார்."

சான்றுப் பொருளை மாற்றி வைப்பது எந்தச் சட்டப் பிரிவில் குற்றம் என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வாங்கினேன். ஒரு குறட்டால் மூன்றாவது கண்ணியில் நானே ஒரு நசுங்கலும் போட்டேன்.

மறுநாள் சம்பந்தியின் கையில் அதைக் கட்டிவிட்டு, "வந்துருச்சு சம்பந்தி" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த அம்மாள் சமையலறை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரிடம்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை. ரகசியம் ஒருவரோடு இருக்க வேண்டும் என்பது அலுவலகப் பழக்கம். காப்பி குடித்துவிட்டு நிம்மதியாக ராஜபாளையம் பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே மாடி வாத்தியாரின் போன்.

நான் கிளம்பிய சற்று நேரத்தில் சம்பந்தி கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு நொடிமுள்ளைப் பார்த்திருக்கிறார். அது பேட்டரிக் கடிகாரம். முள் நொடிக்கு ஒருமுறை துள்ளியது. யார் பெயரும் நினைவில்லாத மனிதருக்கு அந்த முள்ளின் ஓட்டம் மறக்கவில்லை. நான் வந்துபோனதையும் கட்டிவிட்டதையும் அவர் மறந்துவிட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம், தன் கையில் இருந்ததை யாரோ எடுத்துவிட்டுப் பொய்யான ஒன்றை மாட்டியிருக்கிறார்கள் என்பதுதான். வீட்டில் இருந்தது அந்த அம்மாள் ஒருவர்தான்.

வாசலுக்கு வந்து கத்தியிருக்கிறார். "முள்ளு குதிக்குது. நல்லத எடுத்துட்டு டூப்ளிகேட்ட மாட்டிட்டா. களவாணி. எல்லாரும் பாத்துக்கோங்க." குழாயடியில் நின்ற நாலு வீட்டுப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த அம்மாள் அடுப்பை அணைத்து, சோற்றை மூடிவைத்து, மாத்திரை டப்பாவைக் கொண்டுபோய் வாத்தியார் மனைவியிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் போன் செய்தேன். எடுத்தார். போலி வாங்கி மாட்டியது நான்தான் என்று சொன்னேன்.

"ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருந்தியன்னா, நான் வாசல்லயே சொல்லியிருப்பேன்ல சார், சார்தான் மாட்டுனாவன்னு. வாயடைச்சு நின்னேன். அது எனக்கே தெரியாதுல்லா."

"திரும்பி வாம்மா."

"என்னத்துக்கு? களவாணின்னு பேரெடுக்கவா?" போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பின் தினமும் காலையில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, மாலையில் ராஜபாளையம் பஸ் ஏறினேன். வேலையில் இருந்தபோது இருந்ததுபோலவே. என் மனைவி டிபன் பாக்ஸைக் கட்டிக்கொடுத்தபடி, சேர்த்துவைத்திருந்ததைச் சொன்னாள். "நாலு நாள்ல குடுத்துருப்பான் அந்தக் கடைக்காரன். அங்கீகாரம் கேட்டிய. இப்பப் பாருங்க, நீங்களே ஏழு மணி பஸ்ஸு."

சம்பந்தி என் கையால் மாத்திரை வாங்கவில்லை. ஒரு வேளை வாங்குவார், இரண்டு வேளை துப்புவார். முகம் வீங்கியதுபோல் இருந்தது. ஒருநாள் நான் குளியலறையில் வாளியை நிரப்பிவிட்டுத் திரும்புவதற்குள் அவரைக் காணவில்லை. தெருவில் இல்லை. தேர் அருகில் இல்லை. பஸ் நிறுத்தத்தில், உச்சி வெயிலில், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"எங்க போறிய சம்பந்தி?"

"மில்லுக்கு. மொதலாளிகிட்டச் சொல்லிரணும்."

"என்னத்த?"

"அவிய குடுத்ததத் தொலைச்சுட்டேன்னு. அடுத்தவுக சொல்லி அவியளுக்குத் தெரியக் கூடாதுல்ல?"

அவர் கையைப் பிடித்தேன். நாடி என் விரலுக்குத் தெரியும்படி ஓடியது. முதலாளி காலமாகிவிட்டார் என்று அந்த வெயிலில் வைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இன்னைக்கு மில்லு லீவு" என்றேன். வந்தார். அன்று முழுவதும் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை என் பையில் வைத்திருந்தேன். ஒரு மனிதரைப் பூட்டி வைக்க என்னென்ன உத்தரவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் என்னிடம் இல்லை.

ஆனி கடைசியில் பெங்களூரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சேவைப் பிரிவு அனுப்பவில்லை, சட்டப் பிரிவு அனுப்பியிருந்தது. தங்களுக்கு வந்த பொட்டலம் நீதிமன்றச் சான்றுப் பொருள் என்று தெரிகிறது. அரக்கு முத்திரையும் சாட்சிகள் கையெழுத்தும் உள்ளன. உரிய உத்தரவின்றிப் பிரிக்கக் கூடாது என்ற குறிப்பும் உள்ளது. எனவே பொட்டலம் முத்திரை உடைக்கப்படாமல் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கப்பட்டுள்ளது. சம்பந்தப்பட்ட நீதிமன்றத்தின் அனுமதி உத்தரவை அனுப்பினால் மேல்நடவடிக்கை எடுக்கப்படும். கூடவே பொட்டலத்தின் படம்.

மூன்று முறை படித்தேன். குற்றம் சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை. என் கீழ் வேலை பார்த்த எழுத்தர் இப்படி எழுதியிருந்தால் பாராட்டியிருப்பேன். இரண்டரை மாதமாக அந்தக் கடிகாரத்தை ஒருவரும் தொடவில்லை, தொடாதே என்று நான் எழுதி அனுப்பியதால். நொடிமுள் எந்த எண்ணில் நின்றதோ அந்த எண்ணிலேயே இருட்டில் கிடக்கிறது.

அன்றே பதில் எழுதினேன். அப்படி ஒரு வழக்கு இல்லை, முத்திரை என் சொந்த முத்திரை, சீட்டில் இருப்பது பழக்க தோஷம் என்று எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்பினேன். பிறகு அந்த மின்னஞ்சலையும் படத்தையும் அச்செடுத்துக்கொண்டு, வாத்தியாரைச் சம்பந்தியோடு உட்காரச் சொல்லிவிட்டு, மம்சாபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

அந்த அம்மாள் வீட்டு வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் தாளை நீட்டி, எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். படத்தில் அவர் கையெழுத்து தெளிவாக இருந்தது.

"பாரும்மா. முத்திரை உடையல. உன் கையெழுத்து அப்படியே இருக்கு. இதுக்கு மேல ஆதாரம் வேண்டாம்."

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும் சார். ஒங்களுக்கும் தெரியும். அய்யாவுக்குச் சொன்னாலும் தங்காது, அவிய மேல எனக்கு வருத்தமில்ல. அந்தக் குழாயடில நின்னவுகளுக்குத்தான் தெரியாது. அவிய என்னைய பஸ்ஸுல பாக்காவ. என் மகளப் பொண்ணு கேட்டு வாரவுக காதுக்கும் போகும். இந்தக் காகிதத்த நான் ஒவ்வொரு வீடாக் கொண்டுபோய்க் காட்டவா?"

"நான் என்ன செய்யணும்?"

"அய்யா கத்துனது வாசல்ல நின்னு." அவ்வளவுதான் சொன்னார். முறத்தை எடுத்துக்கொண்டார்.

"வருவியா?"

"யோசிச்சுச் சொல்லுதேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வாசலையே நினைத்துக்கொண்டு வந்தேன். தெருவில் நின்று அறிவிப்பதற்கும் நடைமுறை உண்டு. ஜப்தி என்றால் கோர்ட் ஊழியரான அமீனா போய்த் தண்டோராக்காரரைத் தமுக்கு அடிக்கச் சொல்லிப் படித்துவிட்டு வருவார். அடித்த கூலிக்கு ரசீதை நான் கோப்பில் சேர்ப்பேன். எத்தனையோ பேரின் மானம் அப்படித் தெருவில் போயிருக்கிறது. போன மானத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு படிவமும் நான் பார்த்ததில்லை.

குழாயில் தண்ணீர் வரும் நேரம் மாலை ஐந்து மணி. சம்பந்தியையும் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். நாலு வீட்டுப் பெண்களும் குடத்தோடு நின்றார்கள். தொண்டையைச் செருமினேன். ஒருவரும் திரும்பவில்லை. நீதிமன்றத்தில் செருமினால் போதும்.

"அம்மா, ஒரு விசயம்" என்றேன். திரும்பினார்கள். "இவரு வாட்ச்ச வாங்கிட்டுப் போனது நான். அது பெங்களூருல இருக்கு. டூப்ளிகேட்ட வாங்கி இவரு கையில மாட்டுனதும் நான். அந்த மம்சாபுரத்து அம்மா எதையும் எடுக்கல. அன்னைக்கு இந்த வாசல்ல வச்சு அவுகளச் சொன்னது தப்பு. அதுக்குக் காரணம் நான்."

தண்ணீர் குடத்தில் விழுந்து நிரம்பி வழிந்தது. ஓர் அம்மாள் குழாயை மூடிவிட்டுச் சொன்னார்: "அத ஒரு மாசம் கழிச்சா சார் சொல்லுதிய? கோர்ட்டுல இருந்தவுக, வாய்தா வாங்கிட்டு வந்தியளாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பாவம், அந்தப் பொம்பள தலையக் குனிஞ்சுட்டுப் போச்சு" என்றார்.

சம்பந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வாட்ச்ச யாரு எடுத்தா?"

"நாந்தான் சம்பந்தி."

"நீரா?" ஏற இறங்கப் பார்த்தார். "பாத்தா நல்ல ஆளா இருக்கீரு." பிறகு குழாயடியைப் பார்த்துக் கையை நீட்டிச் சத்தமாகச் சொன்னார். "இந்தா இவருதான் களவாணி. எல்லாரும் பாத்துக்கோங்க."

அவர் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். இதை மறக்கவில்லை. அடுத்த நாள் நான் உள்ளே நுழைந்ததும் பீரோச் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த நாளும். ஆனால் தேடுவதை நிறுத்திவிட்டார். தொலைந்தது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு தேட என்ன இருக்கிறது? எடுத்தவன் தினமும் டிபன் பாக்ஸோடு வருகிறான். மாத்திரை மட்டும் களவாணி கையால் வாங்க மாட்டேன் என்றார். மாத்திரை பற்றிய என் பயம் குறையவில்லை. வாத்தியார் மனைவி இறங்கி வந்து கொடுத்தால் பாதி நாள் விழுங்குவார்.

நான் அறிவித்ததை அந்த அம்மாளிடம் நானே போய்ச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ரசீது கேட்பதுபோல் ஆகிவிடும். குழாயடியிலிருந்து மம்சாபுரம் பஸ்ஸுக்குச் செய்தி போகும் என்று நம்பிக் காத்திருந்தேன். ஒரு வாரம் போனது. ஆடி பிறந்தது. தெருவில் தேருக்குப் பந்தல் போட்டார்கள். ஊரே திருவிழாவுக்குத் தயாரானது. நான் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரிலிருந்து ஒரு வரி வந்தது: நோட்டரி ஆவணம் பெறப்பட்டது, முத்திரை பிரிக்கப்பட்டது, கடிகாரம் பழுது ஆய்வுக்கான வரிசையில் உள்ளது, பதினைந்து வேலை நாட்கள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் எதிர்பார்த்த பதில் அது அல்ல.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று சம்பந்தியை ஜன்னலோரம் உட்காரவைத்திருந்தேன். வடம் பிடித்த கூட்டம் தெருமுனையைக் கடந்தபோது அவர் வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, "மணி என்ன?" என்றார். சொன்னேன். "நீர் சொன்னா எப்படி நம்புறது?" என்றார். அந்தக் காலை மாத்திரையை அவர் துப்பியிருந்தார்.

மறுநாள் நான் பஸ்ஸில் இருக்கும்போது போன் அடித்தது.

"சார், நாளைக்கு ஏழு மணி பஸ்ஸுக்கு வாரேன். மாத்திரை டப்பாவ எடம் மாத்தி வச்சிராதிய. பொறவு அந்தக் குதிக்கிற வாட்ச்ச நான் வாரதுக்குள்ள வீட்ட விட்டு எடுத்துருங்க."

சரி என்றேன். குறித்துவைத்துக்கொண்டேன், பழக்கம் விடவில்லை. பதில் வந்தது ஆடிப்பூரத்துக்கு மறுநாள், முற்பகல்.